வரி கட்டலாம், வீடு கட்டக் கூடாது: ஆஸ்திரேலியாவின் 'நலச் சட்டம்' ஓவியர் நமட்ஜிராவை என்ன செய்தது?

1957 மே மாதம் ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேச நிர்வாகம் தனது கெஜட்டில் ஒரு பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. அதில் 15,000-க்கும் அதிகமான பழங்குடி மக்களின் பெயர்கள் இருந்தன. யாரெல்லாம் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடத்திக்கொள்ளத் தெரியாதவர்கள், அதனால் அரசின் பாதுகாப்பில் இருக்க வேண்டியவர்கள் என்று சொல்லும் பட்டியல் அது. அந்தப் பிரதேசத்துப் பழங்குடியினரில் கிட்டத்தட்ட எல்லோருமே அதில் இருந்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் பெயர்கள்தான் இல்லை.

அப்படி விடுபட்டவர்களில் ஒருவர் ஆல்பர்ட் நமட்ஜிரா. அன்றைக்கு ஆஸ்திரேலியாவில் அவர் பெயர் தெரியாதவர்கள் குறைவு. நாட்டின் மையப்பகுதியில் இருக்கும் செம்மண் மலைகளையும் வெள்ளை மரங்களையும் நீர்வண்ணத்தில் வரைந்து புகழ்பெற்றவர். இங்கிலாந்து ராணியிடம் நேரில் அறிமுகம் செய்துவைக்கப்பட்டவர்.

பட்டியலில் பெயர் இல்லாததைப் பத்திரிகைகள் கொண்டாடின. அவருக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது என்று எழுதின. ஆனால் அடுத்த ஆண்டே அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு அவர் உயிரோடு இல்லை.

இடையில் நடந்தது என்ன? நலச் சட்டம் என்ற பெயரில் வந்த ஒரு சட்டம் எப்படி ஒரு மனிதரின் உயிரையே குலைத்துப்போட்டது? விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த ஆல்பர்ட் நமட்ஜிரா?

1902 ஜூலை 28-ம் தேதி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு மேற்கே சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஹெர்மன்ஸ்பர்க்கில் பிறந்தார். 1877-ல் ஜெர்மானிய லூத்தரன் பாதிரிமார்கள் அமைத்த மிஷன் அது. அந்த இடத்துக்கு அங்கே காலங்காலமாக வாழும் அரண்டா மக்கள் வைத்த பெயர் இன்டாரியா.

பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் எலியா. பெற்றோர் கிறிஸ்தவத்துக்கு மாறியபோது அவருக்கும் ஞானஸ்நானம் நடந்து, ஆல்பர்ட் ஆனார். நமட்ஜிரா என்பது அவருடைய அப்பாவின் பெயர்.

மிஷன் பள்ளியில் படித்தார். ஆனால் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்வரவில்லை. அன்றைய வழக்கப்படி பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து மிஷன் விடுதியில்தான் தங்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் அதே வளாகத்தில் இருந்தாலும் அப்படித்தான். பகலில் பைபிளும் ஜெர்மானியக் கட்டுப்பாடும். ஆனாலும் மக்கள் தங்கள் பழைய வாழ்க்கையை முழுசாக விட்டுவிடவில்லை. 13 வயதில் ஆல்பர்ட் ஆறு மாதம் காட்டுக்குள் இருந்தார். ஒரு அரண்டா ஆண், பெரியவர்களிடம் சடங்கு வழியாகப் பெற வேண்டிய அறிவை அங்கே பெற்றார். எந்த மலை எந்த மூதாதையருடையது, எந்த நீர்ச்சுனைக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் அந்த அறிவில் அடங்கும். பின்னாளில் அவருடைய ஓவியங்களைப் புரிந்துகொள்ள இந்த விஷயம் முக்கியம்.

18 வயதில் மிஷனை விட்டு வெளியேறி இல்கலிட்டா என்ற பெண்ணை மணந்தார். 1923-ல் குடும்பத்தோடு மிஷனுக்குத் திரும்பினார். இல்கலிட்டா ஞானஸ்நானம் பெற்று ரூபினா ஆனார். பிறந்த பிள்ளைகளில் ஐந்து மகன்கள், மூன்று மகள்கள் என எட்டுப் பேர் குழந்தைப் பருவத்தைத் தாண்டினார்கள்.

பிள்ளைகள் பிழைத்ததே பெரிய விஷயம்தான். 1920-களின் கடைசியில் அந்தப் பகுதியில் கடும் வறட்சி. காய்கறி, பழம் இல்லாமல் ஸ்கர்வி நோய் பரவி, மிஷனில் பல குழந்தைகள் இறந்தார்கள். 1935-ல்தான் சில கிலோமீட்டர் தூரத்து ஊற்றிலிருந்து மிஷனுக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது. அதற்கான பணத்தில் ஒரு பகுதி மெல்போர்ன் ஓவியர்கள் கண்காட்சி நடத்தித் திரட்டியது.

ஒட்டகம் ஓட்டியவர் ஓவியர் ஆனது எப்படி?

ஆல்பர்ட் செய்யாத வேலை இல்லை. ஒட்டகம் ஓட்டினார், கொல்லன் பட்டறையில் நின்றார், தச்சு வேலை செய்தார், ஆட்டுக்கு முடி வெட்டினார். மிஷன் தலைவர் ஆல்ப்ரெக்ட் பாதிரியார் ஊக்கம் கொடுக்க, மரப் பலகையில் சூட்டுக்கம்பியால் உருவங்கள் பொறித்து விற்றார்.

1934-ல் ரெக்ஸ் பேட்டர்பீ, ஜான் கார்ட்னர் என்ற இரண்டு ஓவியர்கள் தாங்கள் வரைந்த நீர்வண்ணப் படங்களை அந்த மிஷனில் காட்சிக்கு வைத்தார்கள். தினமும் பார்க்கும் மலைகள் காகிதத்தில் வந்து நின்றதைப் பார்த்த ஆல்பர்ட், தானும் வரைய முடியும் என்று முடிவு செய்தார்.

1936-ல் பேட்டர்பீ மறுபடியும் வந்தபோது இருவருக்கும் ஒரு ஏற்பாடு. ஆல்பர்ட் ஒட்டகங்களைப் பார்த்துக்கொண்டு வழிகாட்ட வேண்டும். பேட்டர்பீ வண்ணம் கலக்கச் சொல்லித்தர வேண்டும். சுமார் இரண்டு மாதப் பயணம். அவ்வளவுதான் அவர் பெற்ற ஓவியப் பயிற்சி.

1938-ல் மெல்போர்னில் முதல் தனிக் கண்காட்சி. வைத்த படங்கள் அத்தனையும் சில நாட்களிலேயே விற்றுத் தீர்ந்தன. அடுத்த ஆண்டு தெற்கு ஆஸ்திரேலியாவின் அரசு ஓவியக் கூடம் அவருடைய படம் ஒன்றை வாங்கியது. 1944-ல் ஆஸ்திரேலியப் பிரமுகர்களின் பட்டியலான 'ஹூஸ் ஹூ' நூலில் அவர் பெயர் இடம்பெற்றது. வீட்டு வரவேற்பறைகளிலும் அலுவலகச் சுவர்களிலும் அவருடைய படங்களின் அச்சுப்பிரதிகள் தொங்கின.

விமர்சகர்கள் மட்டும் அவ்வளவு தாராளமாக இல்லை. ஐரோப்பியப் பாணியை நன்றாகப் பிரதி எடுக்கிறார் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஒரு பழங்குடி மனிதர் வெள்ளையர் மாதிரியே வரைகிறாரே, இதுதான் எங்கள் கொள்கைக்குக் கிடைத்த வெற்றி என்று பெருமைப்பட்டவர்களும் உண்டு. அவர் வரைந்த ஒவ்வொரு மலையும் தன் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் உரிமையும் பொறுப்பும் கொண்ட நிலம் என்பதை இரண்டு தரப்புமே கவனிக்கவில்லை. அவை வெறும் இயற்கைக் காட்சிகள் அல்ல என்று கலை உலகம் ஒப்புக்கொள்ள இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின.

பணம் வந்தது, உரிமை வந்ததா?

இல்லை. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

படங்கள் விற்ற பணத்துக்கு அரசு அவரிடம் வருமான வரி வசூலித்தது. வரி கட்டும் விஷயத்தில் அவர் மற்ற ஆஸ்திரேலியர்களைப் போலத்தான். ஆனால் மற்ற விஷயங்களில்?

கால்நடை வளர்க்க மேய்ச்சல் நிலம் கேட்டார். 1949-50-ல் அந்தக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. சரி, ஊரிலாவது ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்று 1951-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் மனைக்கு முயன்றார். அதுவும் முடியவில்லை. பழங்குடியினர் அந்த நகருக்குள் தங்குவதற்கே சட்டத்தில் தடை இருந்தது. கடைசியில் நகருக்கு வெளியே, மோரிஸ் சோக் என்ற இடத்தில், குடிசைக் கூடாரத்தில் குடும்பத்தோடு தங்கினார். நாட்டின் புகழ்பெற்ற ஓவியர்களில் ஒருவரின் முகவரி அது.

1953-ல் ராணி எலிசபெத்தின் முடிசூட்டு விழாப் பதக்கம் கிடைத்தது. 1954-ல் ராணி ஆஸ்திரேலியா வந்தபோது, கான்பெராவுக்கு அழைக்கப்பட்டு அவரிடம் அறிமுகம் செய்துவைக்கப்பட்டார். வில்லியம் டார்கி என்ற ஓவியர் வரைந்த நமட்ஜிராவின் உருவப்படம் 1956-ம் ஆண்டுக்கான ஆர்ச்சிபால்ட் பரிசை வென்றது. அது ஆஸ்திரேலியாவின் மிகப் பிரபலமான உருவப்பட விருது. விழாவெல்லாம் முடிந்ததும் அவர் திரும்பிப் போன இடம் அதே மோரிஸ் சோக் கூடாரம்தான்.

'அசிமிலேஷன்' கொள்கை என்றால் என்ன?

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய அரசுகள் பழங்குடியினரை நடத்திய முறைக்குப் பெயர் பாதுகாப்பு. வடக்குப் பிரதேசத்தில் தலைமைப் பாதுகாவலர் என்று ஒரு அதிகாரி இருந்தார். பழங்குடிக் குழந்தைகளுக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தாலும், சட்டப்படி அந்த அதிகாரிதான் கார்டியன். கலப்பினத்தில் பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து விடுதிகளில் அடைக்க இந்த அதிகாரம்தான் பயன்பட்டது. 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்று இன்று சொல்லப்படுபவர்கள் அவர்கள். 1910 முதல் 1970 வரை, இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப, பழங்குடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இப்படிப் பிரிக்கப்பட்டதாக 1997-ல் வெளியான தேசிய விசாரணை அறிக்கை மதிப்பிட்டது.

1937-ல் கான்பெராவில் நடந்த அதிகாரிகள் மாநாடு, கலப்பினத்தவர்களை வெள்ளையர் சமூகத்துக்குள் கரைத்துவிடுவதே இலக்கு என்று தீர்மானித்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இனக்கலப்பு பற்றிய பேச்சு காதுக்கு நாராசமாகிவிட்டது. புதிய சொல் தேவைப்பட்டது. அதுதான் அசிமிலேஷன். தமிழில் சொன்னால், தனித்தனியாக இருப்பவர்களைப் பெரிய சமூகத்துக்குள் கரைத்துச் சேர்ப்பது.

இதைத் தேசியக் கொள்கையாக முன்னெடுத்தவர் பால் ஹஸ்லக். 1951 முதல் 1963 வரை பிரதேசங்களுக்கான மத்திய அமைச்சர். நிறத்தை வைத்து யாரையும் ஒதுக்கக் கூடாது, பழங்குடியினரும் ஒருநாள் மற்ற ஆஸ்திரேலியர்களைப் போலவே வாழ்வார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது. உரிமை பிறப்பால் வராது. வெள்ளையர் மாதிரி வாழக் கற்றுக்கொண்ட பிறகுதான் வரும். கற்றுக்கொண்டாரா இல்லையா என்று முடிவு செய்வது அதிகாரி.

இனம் என்ற சொல்லே இல்லாத இனச் சட்டம்

1953-ல் வடக்குப் பிரதேசத்தில் நலச் சட்டம் நிறைவேறியது. அதில் பழைய சட்டத்தில் இருந்த பழங்குடி என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் வந்த சொல் 'வார்டு'. இது நகராட்சி வார்டு இல்லை. கார்டியனின் பொறுப்பில் இருக்கும் மைனர் மாதிரி, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர் என்று பொருள்.

யாரை வார்டு என்று அறிவிக்கலாம்? சட்டம் நான்கு காரணங்களைச் சொன்னது. வாழும் முறை, தன் விவகாரங்களை நிர்வகிக்க முடியாமை, சமூகப் பழக்கவழக்கத்தின் தரம், பழகும் ஆட்கள். இந்தக் காரணங்களால் ஒருவருக்குச் சிறப்புக் கவனிப்பு தேவை என்று நிர்வாகி கருதினால் போதும். இதில் இனம் எங்கே வருகிறது?

அடுத்த பிரிவில் வந்தது. வாக்குரிமை உள்ளவரை வார்டு என்று அறிவிக்கக் கூடாது என்றது சட்டம். வடக்குப் பிரதேசத்தில் அன்று வாக்குரிமை இல்லாதவர்கள் யார்? பெரும்பாலும் பழங்குடியினர்தான். ஆக, பெயர் சொல்லாமலேயே அவர்களை மட்டும் வலைக்குள் கொண்டுவந்தாயிற்று.

வார்டு ஆனால் என்ன ஆகும்? எங்கே வசிக்க வேண்டும் என்று நலத்துறை இயக்குநர் சொல்லலாம். சொத்தை அவர் நிர்வகிக்கலாம். வார்டு அல்லாத ஒருவரைத் திருமணம் செய்ய அவருடைய அனுமதி வேண்டும். மது வாங்கவோ குடிக்கவோ கூடாது. வார்டுக்கு மது கொடுப்பவருக்கும் தண்டனை.

பட்டியல் தயாரிக்கவே சில ஆண்டுகள் பிடித்தன. அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்ப் பெயர்களைச் சேகரித்தார்கள். 1957-ல் அது கெஜட்டில் வந்தபோது, குதிரை, மாடுகளின் வம்சாவளிப் பதிவேட்டுக்குச் சொல்லும் பெயரையே மக்கள் அதற்குக் கேலிப்பெயராக வைத்தார்கள்.

நலத்திட்டப் பணம் யாருக்குப் போனது?

நலத்துறை இருந்தது, நலச் சட்டமும் இருந்தது. அப்படியென்றால் நாட்டின் மற்றவர்களுக்குக் கிடைத்த நலத்திட்டங்கள் இவர்களுக்கும் கிடைத்திருக்கும் இல்லையா?

அப்படி இல்லை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா கொண்டுவந்த முதியோர் ஓய்வூதியம், பேறுகால உதவித்தொகை இரண்டிலிருந்தும் பழங்குடியினர் விலக்கி வைக்கப்பட்டிருந்தார்கள். 1940-களில் கதவு கொஞ்சம் திறந்தது. ஆனால் பாதுகாப்புச் சட்டங்களிலிருந்து விலக்கு பெற்றவர்களுக்கு, நாடோடி வாழ்க்கை வாழாதவர்களுக்கு என்று நிபந்தனைகள் இருந்தன. 1959-ல் பெரும்பாலான தடைகள் நீக்கப்பட்டபோதும் நாடோடிகள் என்று கருதப்பட்டவர்கள் வெளியே நின்றார்கள். அந்தக் கடைசி விலக்கும் 1966-ல்தான் போனது. மிஷன்களிலும் அரசுக் குடியிருப்புகளிலும் இருந்தவர்களின் தொகை பல நேரங்களில் அவர்கள் கைக்குப் போகாமல், அந்த நிறுவனங்களுக்கே போனது. மக்களுக்குக் கிடைத்தது ரேஷன் பொருளும் பொதுச் சமையல்கூடச் சாப்பாடும்.

நமட்ஜிராவுக்குக் கிடைத்தது குடியுரிமையா?

பத்திரிகைகள் அப்படித்தான் சொன்னன. ஆனால் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. 1949-ல் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டத்தின்படி, ஆஸ்திரேலியாவில் பிறந்த பழங்குடியினர் எல்லோரும் ஏற்கெனவே ஆஸ்திரேலியக் குடிமக்கள்தான். பெயரளவில் குடிமக்கள், உரிமை மட்டும் இல்லை.

1957-ல் நமட்ஜிராவுக்கு யாரும் எந்தச் சான்றிதழையும் தேடி வந்து தரவில்லை. வார்டுகளின் பட்டியலில் அவரையும் மனைவி ரூபினாவையும் சேர்க்காமல் விட்டார்கள். அதனால் அவர்கள் ஓட்டுப் போடலாம், நிலம் வாங்கலாம், வீடு கட்டலாம், மது அருந்தலாம். அவருக்கு அப்போது வயது 54.

ஆனால் அவருடைய வளர்ந்த பிள்ளைகள்? அவர்கள் பட்டியலில் இருந்தார்கள். உடன்பிறந்த முறை உள்ளவர்கள், கூடவே உட்கார்ந்து படம் வரையும் சக ஓவியர்கள், எல்லோரும் பட்டியலில் இருந்தார்கள். ஒரே கூடாரத்தில் அப்பா குடிமகன், பிள்ளைகள் வார்டு.

அரண்டா மக்களிடம் பகிர்வது என்பது நல்ல குணம் மட்டுமல்ல, கடமை. வேட்டையில் கிடைத்த இறைச்சியானாலும் படம் விற்ற காசானாலும், யாருக்கு எவ்வளவு என்பதை உறவுமுறை தீர்மானிக்கும். நமட்ஜிராவின் வருமானத்தில் ஒரு பெரிய உறவுக் கூட்டமே வாழ்ந்தது. அப்படிப்பட்ட ஒருவரிடம், உன் பாட்டிலை உன் சகோதரனோடு பகிர்ந்தால் ஜெயில் என்றது ஆஸ்திரேலியச் சட்டம். பகிராமல் இருந்தால் அவர் சொந்த மக்களின் சட்டத்தை மீறியவர் ஆவார். எந்தப் பக்கம் போனாலும் குற்றவாளிதான்.

ஒரு ரம் பாட்டிலும் ஆறு மாதத் தண்டனையும்

1958-ல் மோரிஸ் சோக் முகாமில் குடிபோதையில் நடந்த தகராறில் ஒரு இளம்பெண் கொல்லப்பட்டார். கொலையில் நமட்ஜிராவுக்குத் தொடர்பு இல்லை. ஆனால் முகாமுக்குள் மது வருவதற்கு அவர்தான் வழி என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதிகாரிகளின் கண் அவர்மேல் விழுந்தது.

அதே ஆண்டில் அவர்மீது வழக்கு பதிவானது. ஒரு ரம் பாட்டிலைக் கார் இருக்கையில் வைத்துவிட்டுப் போனார். அவருக்குச் சகோதர முறையும் சக ஓவியருமான ஹெனோக் ராபெராபா அதை எடுத்துக் குடித்தார். ராபெராபா ஒரு வார்டு. வார்டுக்கு மது வழங்கிய குற்றம் நிரூபணமானதாகச் சொல்லி, உழைப்புடன் கூடிய ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்தது ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நீதிமன்றம்.

நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. நமட்ஜிராவின் படத்தைச் சுவரில் மாட்டியிருந்தவர்களுக்கு, அவர் எந்தச் சட்டத்தின் கீழ் வாழ்கிறார் என்பதே அப்போதுதான் தெரிந்தது. பிரதேச உச்ச நீதிமன்றம் தண்டனையை மூன்று மாதமாகக் குறைத்தது.

வழக்கு அதற்கும் மேலே, ஆஸ்திரேலியாவின் இறுதி நீதிமன்றமான ஹைகோர்ட் வரை போனது. இங்கே வாதம் ரம் பாட்டிலைப் பற்றியது அல்ல, பட்டியலைப் பற்றியது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்காமல், அவர்கள் தரப்பைக் கேட்காமல், ஆயிரக்கணக்கானவர்களை மொத்தமாக வார்டு என்று அறிவித்தது செல்லுமா? செல்லாது என்றால் ராபெராபா வார்டே அல்ல. நமட்ஜிரா செய்தது குற்றமும் அல்ல. 1959-ல் அந்த வாதத்தை ஏற்க மறுத்த ஹைகோர்ட், மேல்முறையீட்டுக்கு அனுமதி தரவில்லை. ஆயிரக்கணக்கானவர்களின் விடுதலை தொங்கிக்கொண்டிருந்த கேள்வி, அத்தோடு மூடப்பட்டது.

கடைசி மாதங்கள்

ஓவியரைச் சிறைக்கு அனுப்பும் அவமானம் அரசுக்கு வேண்டாம் என்று, ஹஸ்லக் தலையிட்டார். சிறைக்குப் பதில் பபுன்யா என்ற பழங்குடிக் குடியிருப்பில் தண்டனைக் காலத்தைக் கழிக்கலாம் என்று ஏற்பாடானது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே 200 கிலோமீட்டருக்கும் அப்பால், அசிமிலேஷன் கொள்கையின்படி புதிதாக உருவாகிக்கொண்டிருந்த குடியிருப்பு அது. உடல்நிலை காரணமாக இரண்டு மாதத்தில் விடுவிக்கப்பட்டார்.

வெளியே வந்தவர் பழைய நமட்ஜிரா இல்லை. தூரிகையை எடுக்கும் ஆர்வம் போய்விட்டிருந்தது. ஏற்கெனவே பலவீனமான இதயம். பபுன்யாவில் இருந்தபோது மாரடைப்பு வந்தது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மருத்துவமனையில் 1959 ஆகஸ்ட் 8-ம் தேதி இறந்தார். வயது 57. வீடு கட்ட அவரை அனுமதிக்காத அதே ஊரின் கல்லறைத் தோட்டத்தில், லூத்தரன் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டார். இறுதிச் சடங்கில் பேசியவர், மரப் பலகையில் உருவம் பொறிக்க அவரை ஊக்குவித்த அதே ஆல்ப்ரெக்ட் பாதிரியார்.

சட்டம் எப்போது மாறியது?

அவர் இறந்த பிறகுதான், அதுவும் படிப்படியாக.

1962: நாடாளுமன்றத் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமை எல்லாப் பழங்குடியினருக்கும் கிடைத்தது.

1964: வடக்குப் பிரதேசத்தின் நலச் சட்டம் நீக்கப்பட்டு, புதிய சட்டம் வந்தது. வார்டு பட்டியல் முடிவுக்கு வந்தது.

1967 மே 27: பொதுவாக்கெடுப்பு. மக்கள்தொகைக் கணக்கில் பழங்குடியினரைச் சேர்க்கவும், அவர்களுக்காக மத்திய அரசு சட்டம் இயற்றவும் வழிசெய்யும் திருத்தத்துக்கு 90 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஆம் என்று வாக்களித்தனர்.

2008 பிப்ரவரி 13: திருடப்பட்ட தலைமுறைகளிடம் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

அசிமிலேஷன் என்ற சொல் 1970-களில் அரசின் அகராதியிலிருந்தே மறைந்து, சுயநிர்ணயம் என்ற சொல் வந்தது.

ஓவியங்களின் உரிமை யாரிடம் போனது?

கதை நமட்ஜிராவின் மரணத்தோடு முடியவில்லை. 1957-ல் அவர் தன் படங்களை அச்சிடும் உரிமை தொடர்பாக லெஜண்ட் பிரஸ் என்ற பதிப்பகத்துடன் ஒப்பந்தம் செய்திருந்தார். அதன்படி அவருக்குரிய ராயல்டி பங்கு 12.5 சதவீதம். இறந்த பிறகு அவருடைய சொத்து நிர்வாகம் வடக்குப் பிரதேச அரசின் பொது அறங்காவலரிடம் போனது. 1983-ல் அந்த அலுவலகம் காப்புரிமையை 8,500 டாலருக்கு அதே பதிப்பகத்திடம் விற்றுவிட்டது. குடும்பத்தைக் கலந்துகொள்ளவில்லை. அதன்பிறகு தாத்தாவின் படம் எங்கே அச்சானாலும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு காசு வரவில்லை.

வார்டு சட்டம் போய் 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் இந்தக் குடும்பத்துக்கு எது நல்லது என்பதை ஒரு அலுவலகம்தான் முடிவு செய்தது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2017 அக்டோபரில் காப்புரிமை குடும்பத்தினருக்கான நமட்ஜிரா மரபு அறக்கட்டளையிடம் திரும்பியது. கொடுக்கப்பட்ட விலை 1 டாலர். 1983-ல் நடந்த விற்பனைக்காக 2018-ல் வடக்குப் பிரதேச அரசு குடும்பத்துக்கு இழப்பீடு வழங்கியது. தொகை வெளியிடப்படவில்லை.

அவர் தண்டனை அனுபவித்த பபுன்யாவில் 1971-ல் பழங்குடிப் பெரியவர்கள் தங்கள் சொந்தக் குறியீடுகளைப் பலகைகளில் வரையத் தொடங்கினார்கள். மூதாதையரின் பாதைகளைப் புள்ளிகளாலும் வட்டங்களாலும் சொல்லும் அந்த ஓவியங்கள் இன்று உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மக்களைக் கரைப்பதற்காகக் கட்டிய ஊரிலிருந்துதான், நாங்கள் கரையவில்லை என்று சொல்லும் அந்த ஓவியங்கள் வந்தன.

இன்றைக்கும் ஏன் இந்தக் கதை முக்கியம்?

நமட்ஜிராவை நடத்தியவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. ஹஸ்லக்குக்கு நல்ல நோக்கம் இருந்தது. ஆல்ப்ரெக்ட் பாதிரியாருக்கு அன்பு இருந்தது. நலத்துறையின் பெயரிலேயே நலம் இருந்தது. ஆனால் அந்த மக்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களிடம் கேட்காமலேயே முடிவு செய்தார்கள். ஒரு மனிதருக்கு உரிமை கொடுத்தபோதும், அவருடைய பிள்ளைகளையும் உறவுகளையும் கோட்டுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டுக் கொடுத்தார்கள். தனி ஒருவருக்குச் சலுகையாகக் கொடுத்த அந்த உரிமையை வைத்து அவரால் சொந்த மக்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக்கூட முடியவில்லை.

டார்கி வரைந்த நமட்ஜிராவின் உருவப்படத்துக்கு ஆர்ச்சிபால்ட் பரிசு கிடைத்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, 2020-ல் அதே பரிசை ஒரு பழங்குடி ஓவியர் முதன்முறையாக வென்றார். பெயர் வின்சென்ட் நமட்ஜிரா, ஆல்பர்ட்டின் கொள்ளுப்பேரன். பழங்குடி இனத்தைச் சேர்ந்த கால்பந்து வீரர் ஆடம் குட்ஸும் தானும் கைகோத்து நிற்பதாக வரைந்திருந்தார். அந்தப் படத்தை வரையவோ, அதை விற்ற காசில் வீடு கட்டவோ, வீட்டுக்கு வரும் உறவினரோடு கிடைத்ததைப் பகிர்ந்துகொள்ளவோ அவர் எந்த அதிகாரியிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.